ஜப்பான் ஆண்ட 35 ஆண்டுகளில் கொரியா: எந்த நூலில் தொடங்குவது, எதை எவ்வளவு நம்புவது?

"கொரியாவைத் தொடர்கள் பார்த்துத்தான் தெரியும். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் எவை? நாவலில் தொடங்கலாமா, வரலாற்றில் தொடங்கலாமா? நாவலில் வருவதை எவ்வளவு நம்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் மட்டும் போதுமென்றால் பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. இந்தக் காலத்தைப் பற்றிய நூல்களில் ஒரு பங்கு, போலீஸ் தணிக்கையைத் தாண்டி அச்சேற வேண்டிய நிலையில் எழுதப்பட்டவை. இன்னொரு பங்கு, விடுதலைக்குப் பிறகு, பல நேரம் வேறு நாட்டில், வேறு மொழியில், நினைவிலிருந்து எழுதப்பட்டவை. முதல் வகையில் ஜப்பானிய அதிகாரி கண்ணிலேயே பட மாட்டார். இரண்டாம் வகையில் பக்கத்துக்குப் பக்கம் வருவார். அதனால் எந்த நூலை எடுத்தாலும், எந்த ஆண்டில் எழுதியது, எந்த மொழியில் எழுதியது, யாருடைய அனுமதியோடு அச்சானது என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

முதலில் கொஞ்சம் காலக்கணக்கு. 1876இல் ஜப்பான் கங்வா ஒப்பந்தத்தின் மூலம் துறைமுகங்களைத் திறக்க வைத்தது. 1895இல் அரசி மின் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியர்களால் கொல்லப்பட்டார். ரஷ்யாவைப் போரில் வென்ற கையோடு 1905 நவம்பரில் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடாக்கிக்கொண்ட ஜப்பான், 1910 ஆகஸ்டில் முழுதாக இணைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 15 வரை நீடித்த அந்த ஆட்சியை ஒரே நிறமாக நினைத்துக்கொள்வதுதான் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் பிழை. 1910 முதல் 1919 வரை ராணுவ ஆட்சி. பள்ளி ஆசிரியர்கள்கூட இடுப்பில் வாளோடு வகுப்புக்கு வந்த காலம். 1919 மார்ச் 1 அன்று தொடங்கிய மாபெரும் எழுச்சிக்குப் பிறகு பிடி சற்றுத் தளர்ந்தது. 1920இல் கொரிய மொழியில் தோங்கா இல்போ, சோசன் இல்போ நாளிதழ்கள் தொடங்கின. 1930களில் போர் நெருங்க நெருங்கப் பிடி மறுபடி இறுகியது. 1937க்குப் பிறகு ஜப்பானிய மரபுச் சமயமான ஷிண்டோவின் கோயில்களில் வழிபாடு, பெயர் மாற்றம், கட்டாய வேலை, கடைசியில் கட்டாய ராணுவ சேவை என்று வந்தது. 1925இன் சியோலும் 1942இன் சியோலும் இரண்டு வேறு ஊர்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று தெரியாமல் "ஜப்பான் காலத்தில் இப்படித்தான்" என்று முடிவுக்கு வராதீர்கள்.

தொடங்குவதற்கு நான் சொல்லும் நூல் நாவலும் இல்லை, வழக்கமான வரலாறும் இல்லை. ஹில்டி காங் தொகுத்து 2001இல் வெளிவந்த 'அண்டர் த பிளாக் அம்பிரெல்லா'. அந்த ஆட்சியில் வளர்ந்து பிற்காலத்தில் கலிபோர்னியாவில் குடியேறிய 51 முதியவர்களின் வாய்மொழி நினைவுகள். விவசாயி, வங்கி எழுத்தர், ஆசிரியை, தொழிலாளி என்று பலரும் பேசுகிறார்கள். ஒருவர் சிறைக்குப் போனதைச் சொல்வார். அடுத்தவர் தன் ஜப்பானிய ஆசிரியரை நன்றியோடு நினைப்பார். இன்னொருவர், தான் ஒரு ஜப்பானியரோடும் நெருங்கிப் பழகியதில்லை, பஞ்சம்தான் நினைவிருக்கிறது என்பார். ஒரே ஆட்சி வீட்டுக்கு வீடு எவ்வளவு வேறுபட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் நூல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கருத்து. குறையும் உண்டு. பேசுபவர்கள் எல்லோரும் பிழைத்து, அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தவர்கள். வடக்கிலேயே தங்கிவிட்டவர்கள், சுரங்கத்தில் செத்தவர்கள் குரல் இதில் இருக்க வழியில்லை. ஐம்பது அறுபது ஆண்டு கழித்துச் சொன்ன நினைவு என்பதால் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இரண்டாவதாக, ரிச்சர்ட் கிம் 1970இல் ஆங்கிலத்திலேயே எழுதிய 'லாஸ்ட் நேம்ஸ்'. ஏழு காட்சிகள், ஒரு சிறுவனின் கண்ணில். 1933இல் குழந்தையோடு குடும்பம் தூமன் ஆற்றைக் கடந்து சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்குப் போவதில் தொடங்கி 1945இல் முடிகிறது. ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான், ஆனால் நாவலின் சுதந்திரத்தோடு எழுதப்பட்டது. தன்வரலாறாக மேற்கோள் காட்டாதீர்கள். தலைப்புக்குரிய அத்தியாயத்தில், பனியில் நடந்து போய்ப் போலீஸ் நிலையத்தில் ஜப்பானியப் பெயரைப் பதிவு செய்கிற தந்தை, அதன்பின் மகனையும் கூட்டிக்கொண்டு முன்னோர் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். இன்னோர் அத்தியாயம் ரப்பர் பந்துகளைப் பற்றியது. தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்த வெற்றிக்களிப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பந்துகளை, போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்ததும் அரசு திரும்பக் கேட்கிறது. மலாயாவின் ரப்பர் மரங்களைச் சீவியவர்களில் பெரும்பாலோர் யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மாற்றம் பற்றிப் பல நாவல்கள் எளிமைப்படுத்திச் சொல்வதால் சட்டம் என்ன சொன்னது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, குடும்பத்துக்கு ஜப்பானிய முறையில் ஒரு வீட்டுப்பெயரை உண்டாக்குவது. மற்றது, தனிப்பெயரை மாற்றிக்கொள்வது. 1940 பிப்ரவரி 11 முதல் ஆகஸ்ட் 10 வரை ஆறு மாத அவகாசம். முதலாவது கட்டாயம், நீங்கள் எதையும் பதிவு செய்யாவிட்டால் குடும்பத் தலைவரின் குலப்பெயரே வீட்டுப்பெயராகத் தானாகப் பதிவாகிவிடும். இரண்டாவது, பெயரளவில் விருப்பத்தின் பேரில். கொரிய மரபில் பெண் திருமணத்துக்குப் பிறகும் தன் தந்தைவழிக் குலப்பெயரையே வைத்திருப்பாள். இந்தச் சட்டத்தில் மனைவிக்கும் கணவன் வீட்டுப்பெயர்தான். குல வரிசையை ஏடாக எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்த சமூகத்தில் இது வேரிலேயே கை வைத்த காரியம். ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அந்த ஆறு மாதத்தில் புதுப்பெயரைப் பதிவு செய்தார்கள். துப்பாக்கி முனையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பள்ளிச் சேர்க்கை, வேலை, அரசு அலுவலகக் காரியம் என்று ஒவ்வொரு வாசலிலும் நெருக்கடி கொடுத்தார்கள். பெயரை மாற்றியவர் எல்லோரும் துரோகி என்பதும், மாற்றாதவர் எல்லோரும் போராளி என்பதும் பிழையான கணக்கு. பலர் தங்கள் பழைய குலப்பெயரின் எழுத்து ஒன்றையோ, பூர்வீக ஊரின் பெயரையோ புதுப் பெயருக்குள் ஒளித்து வைத்தார்கள். நாவலில் ஒரு பெயர் வந்தால் அதை நின்று கவனியுங்கள்.

வீட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகள் இருந்தால் லிண்டா சூ பார்க் எழுதிய 'வென் மை நேம் வாஸ் கியோகோ' (2002) கொடுக்கலாம். 1940 முதல் 1945 வரை அண்ணனும் தங்கையும் மாறி மாறிச் சொல்லும் கதை. சூக் நியுல் சோய் எழுதிய 'இயர் ஆஃப் இம்பாசிபிள் குட்பைஸ்' (1991) பியோங்யாங்கில் 1945இல் நடப்பது. ஜப்பானியர் போனபின் சோவியத் படை வருவதையும் காட்டுவதால் சற்றுக் கனமானது. யோகோ கவாஷிமா வாட்கின்ஸின் 'சோ ஃபார் ஃப்ரம் த பாம்பூ குரோவ்' (1986) இதே அலமாரியில் இருக்கும். போர் முடிவில் வட கொரியப் பகுதியிலிருந்து தப்பி ஓடும் ஜப்பானியச் சிறுமியின் கதை அது. அவள் துன்பம் பொய்யென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடும்பம் ஏன் கொரியாவில் இருந்தது என்பதற்கான 35 ஆண்டுப் பின்னணி நூலில் இல்லாததால், படிக்கும் குழந்தைக்குக் கொரியர்களே கொடியவர்களாகத் தெரிவார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் 2006, 2007 வாக்கில் இதற்காகப் பெற்றோர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கொடுத்தால் மற்ற இரண்டில் ஒன்றைப் படித்த பிறகு கொடுங்கள்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: அந்தக் காலத்திலேயே, அந்த ஊரிலேயே, கொரிய மொழியிலேயே எழுதப்பட்ட நாவல்கள். இவற்றை எடுக்கும் பலர் முதல் ஐம்பது பக்கத்தில், "இதில் ஜப்பானே இல்லையே" என்று வைத்துவிடுகிறார்கள். காரணம் தணிக்கை. அச்சுக்குப் போகுமுன் பிரதி அதிகாரியின் மேஜைக்குப் போக வேண்டும். பிடிக்காத சொற்கள் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் பெருக்கல் குறியோ வட்டமோ அச்சாகும். சில நேரம் கோத்த அச்சுப் பாளத்தையே சுரண்டிவிடுவார்கள், தாளில் கறுப்புக் கட்டங்களாக விழும். அதனால் எழுத்தாளர்கள் ஆட்சியைப் பேசாமல் அது வீட்டுக்குள் செய்த வேலையைப் பேசினார்கள்: கடன், குத்தகை, சொத்துத் தகராறு, காசநோய், வேலையில்லாத பட்டதாரி. இந்தச் சொற்கள் வரும் இடங்களில் மெதுவாகப் படித்தால் ஆட்சி முழுதும் தெரியும்.

யோம் சாங்-சோப்பின் 'த்ரீ ஜெனரேஷன்ஸ்' இதற்குச் சரியான பாடம். 1931இல் சோசன் இல்போவில் தொடராக வந்தது; நூலாக வெளிவந்தது விடுதலைக்குப் பிறகுதான். யூ யங்-நானின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வந்தது. சியோலில் ஒரு பணக்காரக் குடும்பம். காசு கொடுத்து உயர்குல வம்சாவளி ஏடு வாங்கிய தாத்தா, கிறிஸ்தவராகி அமெரிக்கா வரை போய் வந்து ஒழுக்கம் கெட்டுப்போன அப்பா, கியோட்டோவில் படிக்கும் பேரன். மேலுக்குப் பெட்டகச் சாவி யாருக்கு என்ற குடும்பக் கதை. அடியில், பேரனின் நண்பன் இடதுசாரி. அவன் வைத்த மளிகைக் கடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் தேடுகிறது. யாரும் சுதந்திரம் என்ற சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் விசாரணை அறையில் ஒருவன் விஷம் குடித்துச் சாகிறான். பாத்திரங்களின் பெயர் குழப்பும் என்பதால் முதல் அத்தியாயம் முடிந்ததும் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நூறாம் பக்கத்தில் நிற்பீர்கள்.

சே மான்-சிக்கின் 'பீஸ் அண்டர் ஹெவன்' (1938) வேறு உத்தி. அதில் வரும் கஞ்சன் யுன் ஜப்பான் ஆட்சியை வாயாரப் புகழ்கிறான்: கொள்ளைக்காரர் பயம் ஒழிந்தது, சொத்துக்குப் போலீஸ் காவல், உலகமே அமைதி. தணிக்கை அதிகாரிக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசகனுக்கோ, இந்த ஆட்சி யாருக்குச் சுகமாக இருந்தது என்று ஒவ்வொரு வரியிலும் உறைக்கும். போலீஸ் அதிகாரியாக வருவான் என்று அவன் நம்பியிருந்த பேரன் சோசலிசம் பேசியதற்காக டோக்கியோவில் கைதாகிற செய்தியோடு கதை முடிகிறது. காங் கியோங்-ஏ 1934இல் தோங்கா இல்போவில் எழுதிய 'ஃப்ரம் வொன்சோ பாண்ட்' ஏழைகள் பக்கமிருந்து பார்க்கிறது. நிலக்கிழாரின் கிராமத்திலிருந்து இஞ்சோன் துறைமுகத்துக்கும் நூற்பாலைக்கும் வரும் இளைஞர்கள். ஆலை விடுதியின் கட்டுக்காவல், அபராதம், இருமல் என்று உடம்பின் மேல் எழுதப்பட்ட நாவல். நேரம் குறைவென்றால் ஹ்யுன் ஜின்-கோன் 1924இல் எழுதிய 'எ லக்கி டே' சிறுகதையை மட்டுமாவது படியுங்கள். மழை நாளில் நல்ல வருமானம் பார்க்கும் ரிக்‌ஷாக்காரன், நோயாளி மனைவி கேட்ட எலும்புச் சாற்றுக் கஞ்சியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற கதை. இதே ஹ்யுன் தோங்கா இல்போவில் பணியாற்றியபோது, 1936 பெர்லின் ஒலிம்பிக் மராத்தானில் வென்ற சோன் கீ-சோங்கின் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்துப் படம் வெளியிட்டதற்காகச் சிறை போனார். பத்திரிகை 1937 ஜூன் வரை நிறுத்தப்பட்டது. அதன் பின்னணியோடு படித்தால் இவர்களின் அடங்கிய தொனி ஏன் என்று புரியும்.

ஓர் எச்சரிக்கை. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நான்கில் மூவருக்கு மேல் எழுத்தறிவு இல்லாதவர்கள். ஆகவே இந்த நாவல்களை அன்று படித்தவர்களும் எழுதியவர்களும் சிறுபான்மையினர். கிராமத்து உழவனின் குரல் இவற்றில் வந்தாலும் அது படித்தவர் கேட்டுச் சொன்ன குரல்தான்.

கவிதை பிடிக்குமென்றால் யுன் டோங்-ஜுவைத் தவறவிடக் கூடாது. மஞ்சூரியாவில் கொரியர் குடியேறிய ஊரில் 1917இல் பிறந்தவர். 1941இல் 19 கவிதைகளைத் தொகுத்துக் கையால் மூன்று பிரதி எழுதினார். தணிக்கையில் சிக்கலாகும் என்று கல்லூரி ஆசிரியர் தடுத்ததால் வெளியிடவில்லை. ஜப்பானில் படிக்கப் போக வேண்டுமென்றால் பெயரை மாற்ற வேண்டும். 1942 ஜனவரி 29 அன்று ஹிரானுமா என்று பதிவு செய்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு, துருப்பிடித்த செம்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கூசும் கவிதையை எழுதினார். 1943 ஜூலையில் கியோட்டோவில் கைதானார். 1945 பிப்ரவரி 16 அன்று ஃபுகுவோகா சிறையில் இறந்தார். வயது 27, விடுதலைக்கு ஆறு மாதம் பாக்கி. மூன்று பிரதிகளில் ஒன்றை ஒரு நண்பரின் தாய் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் புதைத்துக் காத்ததால்தான் 1948இல் அந்தத் தொகுப்பு நமக்குக் கிடைத்தது. பெயர் மாற்றத்தைப் பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட அந்தக் கண்ணாடிக் கவிதை அதிகம் சொல்லும். ஹான் யோங்-உன்னின் 1926ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஆங்கிலத்தில் உண்டு. 1919 மார்ச் 1 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவரான அந்தப் பௌத்தத் துறவி, பிரிந்துபோன அன்பரைப் பாடுகிறார். அன்பர் காதலியா, புத்தரா, நாடா என்று கடைசி வரை பிடிகொடுக்க மாட்டார். நம் அகப்பாடல் மரபில் ஊறியவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. அதில் தாகூரை வாசித்து எழுதிய கவிதையும் ஒன்று உண்டு.

எதிர்த்தவர்களை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். யி குவாங்-சு 1917இல் எழுதிய 'த ஹார்ட்லெஸ்' முதல் நவீன கொரிய நாவலாக எண்ணப்படுவது. 1919 பிப்ரவரியில் டோக்கியோ மாணவர்களின் சுதந்திர அறிக்கையை எழுதியவரும் அவரே. 1940இல் கயாமா மித்சுரோ என்று பெயர் மாற்றிக்கொண்டு போருக்கு ஆள் சேர்க்கப் பேசியவரும் அவரே. 1949இல் தேசத்துரோகச் சட்டத்தில் கைதானார். மேலே சொன்ன சே மான்-சிக்கும் போர்க்காலத்தில் அரசுக்குச் சாதகமாக எழுதினார்; 1948, 49இல் 'தேசத்தின் குற்றவாளி' என்ற பொருள்படும் தலைப்பில் அதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். விடுதலைக்குப் பிறகு இப்படித் தன்னைத் தானே கூண்டில் ஏற்றியவர்கள் அரிது. இன்னும் சிலர் ஜப்பானிய மொழியிலேயே எழுதினார்கள். கிம் சா-ரியாங்கின் 'இன்டு த லைட்' கதை 1940இல் ஜப்பானின் பெரிய இலக்கியப் பரிசான அகுதாகவா விருதுக்குப் பரிசீலிக்கப்பட்டது. கொரியர் என்பதை மறைத்து வாழ்வதன் வேதனைதான் அதன் பொருளே. மொழியை வைத்து மட்டும் ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு அது சான்று.

மொழி என்றதும் இன்னொரு செய்தி. 1938இல் பள்ளியில் கொரிய மொழி விருப்பப் பாடமாகி, சில ஆண்டுகளில் இல்லாமலே போனது. 1942 அக்டோபரில் கொரிய மொழிச் சங்கத்தார் அகராதி தயாரித்த குற்றத்துக்காகக் கைதானார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். பறிமுதலான கையெழுத்துப் படி 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டு, 1947இல் முதல் தொகுதி அச்சாகி, 1957இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன.

வரலாற்று நூல்களில் மைக்கேல் ராபின்சனின் 'கொரியாஸ் ட்வென்டியத் செஞ்சுரி ஒடிசி' (2007) சிறியது, நிதானமானது, இதிலிருந்து தொடங்குங்கள். புரூஸ் கம்மிங்ஸின் 'கொரியாஸ் பிளேஸ் இன் த சன்' (1997) சுவையாகப் படிக்கலாம், ஆனால் வட கொரியா பற்றிய அவர் பார்வை மென்மையானது என்ற விமரிசனம் பரவலாக உண்டு. கார்ட்டர் எக்கர்ட்டின் 'ஆஃப்ஸ்ப்ரிங் ஆஃப் எம்பயர்' (1991), கொரிய முதலாளித்துவம் ஜப்பான் ஆட்சியின் மடியில் வளர்ந்தது என்று ஒரு நூற்பாலையின் கணக்கேடுகளை வைத்து வாதிடுகிறது. இதைத் தொடர்ந்து "சுரண்டலா, நவீனமாக்கலா" என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. ரயில்பாதை, ஆலை, பள்ளிக்கூடம் வந்தன என்பதில் சந்தேகமில்லை. அவை யாருக்காக வந்தன என்பதில்தான் சண்டை. அரிசிக் கணக்கு இதில் தெளிவாகப் பேசும்: 1918இல் ஜப்பானில் அரிசிக் கலவரம் வெடித்ததும் 1920 முதல் கொரியாவில் நெல் உற்பத்தியைப் பெருக்கும் திட்டம் வந்தது, விளைச்சல் கூடியது, அதைவிட வேகமாக ஜப்பானுக்கு ஏற்றுமதி கூடியது, கொரியர் தலைக்கு உண்ட அரிசி குறைந்தது, அந்த இடத்தை மஞ்சூரியச் சிறுதானியம் நிரப்பியது.

எது உறுதி, எது ஐயம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1 எழுச்சி நடந்ததும் அது கொடூரமாக அடக்கப்பட்டதும் உறுதி. இறந்தவர் எத்தனை என்பதில் ஜப்பான் அரசுக் கணக்கு 553. நாடு கடந்து வாழ்ந்த பாக் உன்-சிக் 1920இல் தந்த கணக்கு 7,509. முன்னது தன்னைக் காத்துக்கொள்ளும் அரசின் எண், பின்னது தொலைவிலிருந்து திரட்டிய எண். இரண்டையும் சேர்த்தே எழுதும் நூலை நம்புங்கள். 1910 முதல் 1918 வரை நடந்த நில அளவையில் விவசாயிகளின் நிலம் மொத்தமாகப் பிடுங்கப்பட்டது என்று பழைய நூல்கள் சொல்லும். பிற்காலத்தில் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், பட்டா உள்ளவர்களில் பெரும்பாலோர் நிலம் அவர்களிடமே இருந்ததாகவும், எழுத்தில் இல்லாத உழவுரிமையை நம்பியிருந்த குத்தகைக்காரர்களே அதிகம் இழந்ததாகவும் காட்டினார்கள்.

ராணுவப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைப் பற்றியும் அப்படியே. 1991 ஆகஸ்ட் 14 அன்று அவர்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் தன் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகச் சாட்சி சொன்னபின் உலகம் கேட்டது. எண்ணிக்கை மதிப்பீடுகள் 20,000 முதல் 2,00,000 வரை விரிகின்றன. ஆவணங்கள் அழிக்கப்பட்டதால் இது முடிவாகாது. எண் முடிவாகவில்லை என்பதால் நடந்ததே ஐயம் என்று யாராவது எழுதினால் அந்த நூலை மூடிவிடலாம். யோஷிமி யோஷியாகியின் ஆய்வு ஜப்பானிய ராணுவ ஆவணங்களையே வைத்து எழுதப்பட்டது. கும் சுக் ஜெந்த்ரி-கிம்மின் 'கிராஸ்' ஒரு மூதாட்டியின் வாழ்க்கையைச் சொல்லும் கறுப்புவெள்ளைச் சித்திர நாவல். கொடுமை நடக்கும் இடத்தில் கறுப்புக் கட்டங்களை வைத்துவிட்டு விலகும் நாகரிகம் அதில் உண்டு. கிம் சூமின் 'ஒன் லெஃப்ட்' நாவலாக இருந்தும் உண்மைச் சாட்சியங்களை அடிக்குறிப்புகளில் காட்டுகிறது. இரண்டும் வளர்ந்தவர்களுக்கு மட்டும்.

ஜப்பானுக்குப் போனவர்களின் கதைதான் மின் ஜின் லீயின் 'பச்சின்கோ' (2017). பூசானின் யங்டோ தீவில் தொடங்கி, ஒசாகாவின் கொரியச் சேரி வழியாக 1989 வரை நான்கு தலைமுறை. ஜப்பானிலேயே பிறந்த பையன் 14 வயதில் அந்நியனாகப் பதிவு செய்து விரல் ரேகை கொடுக்கும் காட்சி கற்பனை இல்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது. இதன் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 1923இல் டோக்கியோ வட்டாரத்தைத் தாக்கிய காந்தோ நிலநடுக்கமும் அதையடுத்துக் கொரியர்கள் கொல்லப்பட்டதும் தொடரில் சேர்க்கப்பட்டவை. பாக் கியோங்-நி 1969 முதல் 1994 வரை எழுதிய 'தோஜி' என்ற பெருநாவல் 1897இல் ஹாதோங் கிராமத்தில் தொடங்கி விடுதலை நாளில் முடிகிறது. ஆங்கிலத்தில் முதல் பாகம் கிடைக்கிறது. அதில் ஆட்சி வரும் முன் ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

தேடும்போது சிக்கல்கள் வரும். கொரியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத இரண்டு முறைகள் உண்டு. 2000க்கு முந்தைய நூல்களில் ஒரே ஆசிரியர் வேறு எழுத்தில் இருப்பார், பூசான் 'B' வரிசையில் இல்லாமல் 'P' வரிசையில் இருக்கும். நூலகப் பட்டியலில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். குடும்பப்பெயர் முன்னால் வரும். அக்கால ஆவணங்களில் சியோல் 'கெய்ஜோ', பியோங்யாங் 'ஹெய்ஜோ', இஞ்சோன் 'ஜின்சென்'. ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால எண்ணிக்கையான ஷோவா ஆண்டு என்று வந்தால் 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 15 என்றால் 1940. வயதில், பிறந்ததும் ஒன்று என்று எண்ணிப் புத்தாண்டுதோறும் ஒன்று கூட்டும் வழக்கம் இருந்ததால், நம் கணக்கைவிட ஒன்றோ இரண்டோ கூடுதலாக இருக்கும். காசில்லாமல் படிக்க, பத்திரிகையாளர் மெக்கன்சியின் 'த டிராஜடி ஆஃப் கொரியா' (1908), 'கொரியாஸ் ஃபைட் ஃபார் ஃப்ரீடம்' (1920) இரண்டும் காப்புரிமை நீங்கி இணையத்தில் கிடைக்கின்றன. 1907இல் ஜப்பானை எதிர்த்து மலைகளில் போராடிய கொரியத் தொண்டர் படையை நேரில் போய்ப் பார்த்தவர். இரண்டாவது நூல் கொரியர் தரப்புக்காக வாதாடவே எழுதியது என்பதை மறக்காமல் படியுங்கள். கொரியாவை ஆண்ட ஜப்பானிய கவர்னர் ஜெனரலின் அலுவலகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆண்டறிக்கைகளும் கிடைக்கும். சாலை நீளம், பள்ளி எண்ணிக்கைக்கு உதவும், மற்றபடி விளம்பரம்.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே பாதையின் போர்க்கைதி முகாம்களில் காவலுக்கு நின்றவர்களில் பலர் ஜப்பான் ராணுவம் சேர்த்த கொரிய இளைஞர்கள். போருக்குப் பின் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டார்கள். 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைதிகள் எழுதிய நினைவு நூல்களில் இவர்கள் முகமற்ற கொடியவர்களாகவே வருவார்கள். அடித்தது உண்மை. அவர்கள் எந்த நாட்டிலிருந்து எப்படி அங்கே வந்து நின்றார்கள் என்பதற்கு மேலே சொன்ன நூல்கள்தான் பதில்.

1945இல் நிறுத்திவிடாதீர்கள். தெற்கில் 1948 வரை அமெரிக்க ராணுவ ஆட்சி, வடக்கில் சோவியத் படை. பழைய போலீஸ்காரர்கள் பலர் தெற்கில் அதே வேலையில் தொடர்ந்தார்கள். இந்தத் தொடர்ச்சியைக் காட்டும் நூல் பாக் வான்-சோவின் 'ஹூ ஏட் அப் ஆல் த ஷிங்கா?' (1992). ஷிங்கா என்பது கிராமத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்னும் புளிப்புத் தண்டுச் செடி. கேசோங் அருகே ஒரு கிராமத்தில் தொடங்கி, சியோல் மலைச்சரிவின் ஏழைத் தெருவில் ஜப்பானியப் பள்ளிப் படிப்பு, விடுதலை, கொரியப் போர் என்று நகர்கிறது. 1951 ஜனவரியில் எல்லோரும் ஓடிப்போய் வெறிச்சோடிய நகரத்தில் தனியாக நிற்கும் பெண், இதைப் பார்த்தது நான் மட்டும்தான், ஒருநாள் எழுதியாக வேண்டும் என்று நினைப்பதோடு முடிகிறது. அந்த நூல் வெளிவந்தது 41 ஆண்டுகள் கழித்து.